கொள்ளுத்தாத்தா வாங்கிய கசையடி: பட்டாளச் சட்டம் என்ன சொல்கிறது?

முதல் உலகப்போரில் மதராஸ் சாப்பர் என்ற பொறியாளர் படையோடு மெசபொடேமியாவுக்கு (இன்றைய ஈராக்) போன உங்கள் கொள்ளுத்தாத்தா அங்கே கசையடி வாங்கினார் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பதாகவும், அப்படி ஒன்று உண்மையில் நடந்திருக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளைக்காரன் இந்தியச் சிப்பாயை மட்டும்தான் அடித்தானா, தன் ஆளையும் அடித்தானா என்றும், அடி இல்லாமல் பட்டாளத்தில் ஒழுங்கு நிற்குமா என்றும் இரண்டு கேள்விகளைக் கூடவே சேர்த்திருக்கிறீர்கள். இவை மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. சிப்பாயின் உடம்பின் மேல் கைவைக்கும் உரிமை படைக்கு எப்படி வந்தது, யார் விஷயத்தில் எப்போது அந்த உரிமை போயிற்று என்பதே அந்தக் கேள்வி.

படையின் ஒழுங்குச் சட்டம் தொடர்பான அலுவலகப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். குற்றப் பத்திரங்களும் விசாரணைக் கோப்புகளும் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு பழைய படைச் சட்டங்களைத் தேடிப் படிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. ஆனால் ஆவணக் காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஆய்ந்த வரலாற்றாசிரியன் அல்லன். ஆகவே சட்டப் புத்தகத்தில் என்ன இருந்தது என்பதில் என் சொல்லை நம்பலாம்; புத்தகத்துக்கு வெளியே, பாளையத்தில் கூடாரத்துக்குக் கூடாரம் என்ன நடந்தது என்பதில் அதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரடியான விடை. நடந்திருக்க முடியும். பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கசையடி 1881-இல் சட்டப்படி ஒழிந்தது. இந்தியப் படையில் அது 1920-இல்தான் ஒழிந்தது. இடைப்பட்ட முப்பத்தொன்பது ஆண்டுகளில், அதாவது உங்கள் கொள்ளுத்தாத்தா போர்முனையில் இருந்த காலத்தையும் உள்ளடக்கி, ஒரே பாளையத்தில் ஒரே குற்றம் செய்த இருவரில் கறுப்புத் தோலுக்கு மட்டும் சாட்டையை நீட்டச் சட்டம் இடம் கொடுத்தது. உங்கள் வீட்டுக் கதை சட்டத்தோடு முரண்படவில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் நம்மவரை மட்டும்தான் அடித்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1835 முதல் 1845 வரை ஒரு பத்தாண்டுக் காலம் நிலைமை நேர் தலைகீழாக இருந்தது: இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாயை அடிக்கலாம், கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாயை அடிக்கக் கூடாது. இந்த விசித்திரம் எப்படி வந்தது என்பதைப் பார்த்தால் உங்கள் மூன்றாவது கேள்விக்கும் வழி பிறக்கும்.

இங்கிலாந்தில் நிலையான படை என்பதன் மேலேயே நாடாளுமன்றத்துக்கு நம்பிக்கை இருந்ததில்லை. 1689-இல் கொண்டுவந்த கலகச் சட்டத்தின் மூலம்தான், சமாதான காலத்திலும் சிப்பாயைச் சாதாரண நீதிமன்றத்துக்குப் புறம்பாகப் படையே விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் வந்தது. அந்தச் சட்டத்தையும் ஆண்டுதோறும் புதுப்பித்தார்கள். புதுப்பிக்காவிட்டால் படையின் அதிகாரமே காலாவதி. கலகத்துக்கும் ஓடிப்போவதற்கும் மரண தண்டனை விதிக்கலாம், அல்லது கோர்ட் மார்ஷல் என்ற படை நீதிமன்றம் பொருத்தமென்று கருதும் வேறு தண்டனை விதிக்கலாம். எல்லாரையும் சுட்டுக்கொண்டிருந்தால் படையே மிஞ்சாது. படைக்கெனத் தனிச் சிறைகள் இல்லை. அபராதம் போடலாம் என்றால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் என்று இருந்த சம்பளத்தில் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் பிடித்தது போகக் கையில் நிற்பதே சில்லறைதான். தூக்குக்கும் மன்னிப்புக்கும் நடுவில் இருந்த அந்த வெற்றிடத்தைச் சாட்டை நிரப்பிற்று.

அதை நிறைவேற்றிய முறை, தண்டனை யாருக்காக என்பதைக் காட்டிவிடும். காலாட்படையில் சார்ஜன்ட்டுகள் ஏந்தும் ஈட்டிக்கோல்களை முக்காலிபோல் நட்டு, குற்றவாளியின் மேற்சட்டையைக் கழற்றி அதில் கட்டுவார்கள். ரெஜிமென்ட் முழுவதும் நான்கு புறமும் அணிவகுத்து நிற்கும். அடிப்பவர்கள் டிரம் வாசிக்கும் பையன்கள். குதிரைப்படையில் லாடம் அடிப்பவர்களும் எக்காளம் ஊதுபவர்களும். சாட்டைக்கு ஒன்பது வால்கள், ஒவ்வொன்றிலும் முடிச்சுகள். இருபத்தைந்து அடிக்கு ஒரு முறை கை மாறும், வேகம் குறையக் கூடாது என்பதற்காக. ஒருவர் உரக்க எண்ணுவார். மருத்துவர் அருகில் நின்று, தாங்க மாட்டான் என்று சொன்னால் நிறுத்துவார்கள். 18ஆம் நூற்றாண்டில் புண் ஆறியதும் கூட்டி வந்து மிச்சத்தை அடித்துத் தீர்த்த வழக்கமும் இருந்தது. ஒருவனின் முதுகு சிலேட்டுப் பலகை. பாடம் என்னவோ சுற்றி நிற்கும் அறுநூறு எழுநூறு பேருக்கு.

எண்ணிக்கையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1807-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், உயிரை வாங்கத் தகாத எந்தப் படைக் குற்றத்துக்கும் ஆயிரம் அடியே போதுமான முன்னுதாரணம் என்று கருத்துச் சொன்னார். அது இரக்கத்தின்பேரில் வந்த உச்சவரம்பு என்பதிலிருந்தே அதற்கு முன் எங்கே இருந்தார்கள் என்று ஊகிக்கலாம். 1812-இல் ரெஜிமென்ட் அளவிலான கோர்ட் மார்ஷலுக்கு 300 என்று வரம்பு வந்தது. இத்தகைய எண்கள் உறுதியானவை. ஆனால் தீர்ப்பில் எழுதிய எண்ணும் முதுகில் விழுந்த எண்ணும் ஒன்றல்ல. மருத்துவர் பாதியில் நிறுத்தியிருக்கலாம், தளபதி ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்திருக்கலாம். இணையத்தில் உலவும் பட்டியல்கள் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை. தீர்ப்பில் 500 என்றால் 500 விழுந்தது என்றே எழுதிவிடுகின்றன. ஒரு தண்டனையைப் படிக்கும்போது, இது விதித்ததா, நிறைவேற்றியதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. கோப்புகளோடு வாழ்ந்த எனக்கு அது விட முடியாத பழக்கம்.

இங்கிலாந்துப் பொதுமக்கள் இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1809-இல் ஈலி என்ற ஊரில் உள்ளூர்க் காவற்படையினர் சிலர் தங்களுக்குச் சேரவேண்டிய பணத்தில் பிடித்தம் செய்ததை எதிர்த்துக் கூச்சலிட்டார்கள். தலைக்கு 500 அடி என்று தீர்ப்பாயிற்று. பிரிட்டிஷ் படையில் பணிபுரிந்த ஜெர்மன் குதிரைப்படையைக் காவலுக்கு நிறுத்தி அதில் ஒரு பகுதியை நிறைவேற்றினார்கள். அதைக் கண்டித்துத் தம் பத்திரிகையில் எழுதிய வில்லியம் காபெட்டுக்கு 1810-இல் இரண்டு ஆண்டுச் சிறையும் ஆயிரம் பவுன் அபராதமும் கிடைத்தன. 1832-இல் அலெக்சாண்டர் சோமர்வில் என்ற குதிரைப்படை வீரர், அமைதியாகச் சீர்திருத்தம் கேட்கும் மக்கள் மேல் சிப்பாய்கள் வாளை உயர்த்த மாட்டார்கள் என்ற பொருளில் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். சில நாட்களில், முரட்டுக் குதிரை மேல் மறுபடி ஏற மறுத்தார் என்ற குற்றச்சாட்டில் அவருக்கு 200 அடி விதித்து 100 அடித்தார்கள். காகிதத்தில் இருந்த குற்றம் குதிரையைப் பற்றியது. உண்மையான குற்றம் கடிதம் என்று நாடே பேசிற்று, நாடாளுமன்றத்திலும் பேச்சு எழுந்தது. குற்றப் பத்திரத்தில் ஒன்றும் மனத்தில் ஒன்றுமாகத் தண்டிக்கும் இந்த வித்தை எந்தப் படைக்கும் புதிதல்ல என்பதை மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

சாட்டை வேண்டும் என்றவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர்; அவர்களுடைய வாதத்தை நேர்மையாகக் கேட்க வேண்டும். அதில் பெரிய குரல், நெப்போலியனை வென்ற தளபதி வெலிங்டன் கோமகனுடையது. பிரிட்டிஷ் படையில் சேருபவன் சமூகத்தின் அடிமட்டத்திலிருந்து வருபவன், பாதிப்பேர் குடிக்காகவே சேருகிறவர்கள், உடனே உடம்பில் விழும் அடியைத் தவிர வேறெதற்கும் அவன் அஞ்சமாட்டான் என்பது அவருடைய கட்சி. பிரெஞ்சுப் படையில் அடி இல்லையே என்று கேட்டவர்களுக்கும் பதில் இருந்தது: அங்கே கட்டாய ஆள்சேர்ப்பு, எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். பிரஷ்யாவில் 1806-இல் நெப்போலியனிடம் தோற்ற பின் படையைத் திருத்த முனைந்தவர்களும் இதே முடிச்சைத்தான் மறுமுனையிலிருந்து அவிழ்த்தார்கள். எல்லாக் குடிமகனையும் படைக்கு அழைக்க வேண்டுமானால் முதலில் முதுகுக்கு விடுதலை தர வேண்டும் என்று 1808-இல் அவர்களில் ஒருவரான நைசெனாவ் எழுதினார். அந்த ஆண்டிலேயே அங்கே அடி பெரும்பாலும் நின்றது. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒன்று உண்டு. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவனைத்தான் அடித்து வழிக்குக் கொண்டுவர வேண்டும்; இழப்பதற்கு ஏதாவது உள்ளவனுக்கு அதை இழக்கும் அச்சமே போதும்.

இப்போது நம் ஊர்ப்பக்கம் வருவோம். 1805 நவம்பரில் மதராஸ் படையின் தலைமைத் தளபதி ஜான் கிராடக் புதிய உடை விதிகளைக் கொண்டுவந்தார். தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும்; நெற்றியில் சமயக் குறி கூடாது; தாடியை எடுக்க வேண்டும். 1806 மே மாதம் வேலூரில் இருந்த ஒரு பட்டாலியன் அந்தத் தலைப்பாகையை ஏற்க மறுத்தது. 21 பேரைச் சென்னைக் கோட்டைக்கு அனுப்பி விசாரித்தார்கள். ஒரு இந்து, ஒரு முஸ்லிம் என இருவருக்குத் தலைக்கு 900 கசையடியும் வேலைநீக்கமும். மற்ற 19 பேருக்கு 500 என்று விதித்து, மன்னிப்புக் கேட்டதால் விட்டுவிட்டார்கள். அதிகாரிகள் கணக்கில் பிரச்சினை அத்தோடு முடிந்தது. இரண்டு மாதம் கழித்து, ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டை எழுந்தது. 69ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேல் மாண்டார்கள். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லஸ்பியின் குதிரைப்படை அன்று பகலுக்குள் கோட்டையை மீட்டது. அதன்பின் நடந்த விசாரணையில் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், ஐந்து பேரைத் துப்பாக்கியால் சுட்டார்கள், எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள், ஐந்து பேரை நாடு கடத்தினார்கள்.

இதில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உடை விதி, மே மாதத் தண்டனை, ஜூலை எழுச்சி ஆகிய மூன்றும் அந்த வரிசையில் நடந்தன என்பதில் ஐயம் இல்லை. கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் புதல்வர்கள் எவ்வளவு தூரம் பின்னணியில் இருந்தார்கள் என்பது அன்றே சர்ச்சை, இன்றும் சர்ச்சை. கோட்டையை மீட்டபோது கொல்லப்பட்ட சிப்பாய்களின் தொகையும் நூலுக்கு நூல் மாறுகிறது. 350 என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் 800 என்பார். கசையடிதான் புரட்சிக்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். 900 அடி என்ற தீர்ப்பு கலகத்தைத் தடுக்கவில்லை என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன். சிலேட்டுப் பலகையில் எழுதியவர் நினைத்த பாடத்தைச் சுற்றி நின்றவர்கள் படிக்கவில்லை.

அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் வில்லியம் பெண்டிங்க். வேலூருக்குப் பொறுப்பாளிகளாக்கிக் கிராடக்கையும் அவரையும் கம்பெனி இங்கிலாந்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டது. அதே பெண்டிங்க் 1828-இல் தலைமை ஆளுநராகத் திரும்பி வந்தார். பதவி முடிந்து கப்பலேறுவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1835 பிப்ரவரி 24 அன்று, மூன்று மாகாணங்களின் இந்தியப் படைகளிலும் சாட்டை, பிரம்பு இரண்டையும் நிறுத்தி ஆணை பிறப்பித்தார். வேலூரின் நினைவுதான் இதைச் செய்யவைத்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. கதைக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் ஆணையின் பின்னணியில் அவர்கள் பேசியது வேறு. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் படையில் சேர அடி தடையாக இருக்கிறது, சிப்பாய்க்கு வேலைநீக்கமே போதிய தண்டனை என்பதே அந்த வாதம். மாதாமாதம் தவறாத சம்பளம், வெளியூர் போனால் படி, வயதான காலத்தில் பென்ஷன், ஊரில் மரியாதை என இத்தனையும் ஒரு நாளில் போய்விடும் என்றால் யார் துணிவார்? வெலிங்டன் தம் சிப்பாயைப் பற்றிச் சொன்னதன் மறுபக்கம்தான் இது. லண்டனில் சேர்ந்தவனை வெளியே அனுப்பினால் நிம்மதியாகப் போவான். அவனுக்கு வேலைநீக்கம் தண்டனையே அல்ல, வரம். நம் சிப்பாய்க்கு அது குடும்பத்தையே சாய்த்துவிடும்.

ஆணையின் விளைவு, ஒரே கன்டோன்மென்ட்டில் இரண்டு நியாயம். வெள்ளைச் சிப்பாய் முக்காலியில் கட்டுண்டு அடிபட, இந்தியச் சிப்பாய் அடியிலிருந்து விலக்குப் பெற்றவனாக நின்றான். இங்கிலாந்தில் சாட்டையை எதிர்த்தவர்களுக்கு இது நல்ல ஆயுதமாயிற்று: இந்தியனுக்கு வேண்டாத அடி இங்கிலாந்துக்காரனுக்கு ஏன்? படைத் தண்டனைகளை ஆராய 1835-இல் அமைத்த அரச ஆணையம் சாட்டையை நீக்கச் சொல்லவில்லை; அடிகளின் வரம்பைக் குறைக்கவும் மாற்றுத் தண்டனைகளைத் தேடவும் மட்டும் வழி சொல்லிற்று. இந்தியாவில் விலக்கும் நீடிக்கவில்லை. அடி போன இடத்தில் கடுங்காவல் வந்தது. சீருடை போட்டவனைத் திருடர்களோடு விலங்கு மாட்டிச் சாலை வேலைக்கு விடுவதைப் பார்த்து, இதற்கு அடியே மேல் என்று பல அதிகாரிகள் முறையிட்டார்கள். 1844-இல் சிந்துவில் பணிபுரிவதற்கான படியைக் குறைத்ததால் சில ரெஜிமென்ட்டுகள் போக மறுத்ததும் சேர்ந்துகொண்டது. 1845-இல் அப்போதைய தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் கசையடியைத் திரும்பக் கொண்டுவந்தார். சிப்பாயின் தரப்பிலிருந்து, அடி மேலா சிறை மேலா என்று அவனே எழுதிவைத்த சான்று மிக அரிது; நமக்குக் கிடைப்பது அவனை அடித்தவர்கள் அவனுக்காகப் பேசிய பேச்சு. அதை அந்த எடையோடுதான் நிறுக்க வேண்டும்.

மறு ஆண்டே இங்கிலாந்தில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவில் 7ஆம் ஹுசார் என்ற குதிரைப்படையைச் சேர்ந்த ஃபிரடெரிக் ஜான் ஒயிட் என்ற வீரர் குடிபோதையில் சார்ஜன்ட்டை இரும்புக் கம்பியால் தாக்கினார். 1846 ஜூன் 15 அன்று 150 அடி. பார்த்துக்கொண்டு நின்ற வீரர்களில் சிலர் மயங்கி விழுந்தார்கள். 26 நாட்கள் கழித்து, ஜூலை 11 அன்று ஒயிட் இறந்தார். படை மருத்துவர்கள் பிரேதத்தைச் சோதித்து, இதயத்திலும் நுரையீரலிலும் ஏற்பட்ட அழற்சியால் மரணம், அடிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவ்வூர்ப் பாதிரியார் சந்தேகப்பட்டு மரண விசாரணை அதிகாரிக்குத் தகவல் அனுப்பினார். அந்த அதிகாரி தாமஸ் வேக்லி. லான்செட் மருத்துவ இதழைத் தொடங்கியவர், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. அவர் தோல் நோய் வல்லுநர் எராஸ்மஸ் வில்சனைக் கொண்டு மறுபடி சோதிக்க வைத்தார். முதுகெலும்பை ஒட்டிய தசை சிதைந்திருக்கிறது, அடியின் விளைவே அது என்றார் வில்சன். கசையடியின் விளைவாக மரணம் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. ஆகஸ்டில் உச்சவரம்பு 50 ஆகக் குறைந்தது. குறைத்து ஆணையிட்டவர் அதே வெலிங்டன்.

வில்சன் சொன்னது மருத்துவப்படி சரிதானா என்பது இன்றும் தீராத வழக்கு. நான் மருத்துவன் அல்லன். ஆனால் படைக்குள் ஒருவன் இறந்தால் படை மருத்துவரே காரணம் எழுதி, படையே கோப்பை மூடிவிடுவது சரியல்ல, வெளியாள் ஒருவர் பார்க்க வேண்டும் என்ற கொள்கைக்கு இந்த வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் சாட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. 1859-இல் சிப்பாய்களை இரண்டு வகுப்பாகப் பிரித்து, நன்னடத்தை உள்ளவனை முதற்குற்றத்துக்கே அடிக்கக் கூடாது என்றார்கள். 1867-இல் ஆட்வே என்ற உறுப்பினரின் தீர்மானம் மக்களவையில் 108-க்கு 107 என்று ஒரே வாக்கில் வென்றது. 1868-இல் சமாதான காலத்தில் அடி நின்றது. 1879-இல் பார்னெலும் அயர்லாந்து உறுப்பினர்களும் இரவு பகலாகப் பேசி அவையை முடக்கியதில் போர்க்கால வரம்பு 25-க்கு இறங்கிற்று. 1881-இல் அதுவும் போயிற்று. இந்தக் கணக்கில் சேராமல் விட்டுப்போகும் ஒன்று உண்டு. ஓடிப்போனவன் உடம்பில் அதற்கான ஆங்கில எழுத்தைப் பச்சை குத்தும் வழக்கம் 1871 வரை இருந்தது. ஆனால் சட்டம் மாறியதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் அருகில் ஓசையில்லாமல் நடந்தது: 1836 முதல் நன்னடத்தைக்குக் கூடுதல் காசும் கையில் பட்டையும், 1844 முதல் படைக்கெனத் தனிச் சிறைகள், 1870-இல் நீண்ட காலச் சேவைக்குப் பதிலாகக் குறுகிய காலச் சேவை. சிப்பாய்க்கு இழப்பதற்கு ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்த பிறகுதான் சாட்டையைக் கீழே வைக்க அவர்களுக்குத் தைரியம் வந்தது.

கீழே வைத்தார்கள் என்பதையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். 1881-இல் சாட்டை போன இடத்தில் முதல்வகைக் களத் தண்டனை வந்தது. குற்றவாளியை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வரை வண்டிச் சக்கரத்திலோ கம்பத்திலோ கட்டி வைக்கலாம். சிப்பாய்கள் அதைச் சிலுவையேற்றம் என்றே அழைத்தார்கள். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் 60,000 முறைக்கு மேல் அதை விதித்தார்கள்; 1923-இல்தான் நீக்கினார்கள். அதே போரில் ஏறக்குறைய 3,080 மரண தண்டனைகள் விதித்து, 346 பேரைச் சுட்டார்கள். ஓடிப்போதல், கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006-இல் மன்னிப்புச் சட்டம் வந்தது. அந்த மன்னிப்பும் தீர்ப்பை ரத்துசெய்யவில்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. செய்தித்தாள்களில் இந்த வரி விட்டுப்போகும்.

இந்தியப் பக்கம் 1845-க்குப் பின் கசையடி சட்டத்தில் நிலைத்தது. 1857-இல் மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரைப்படை வீரர்களில் பெரும்பாலோருக்குப் பத்து ஆண்டுக் கடுங்காவல் விதித்து, மே 9 அன்று அணிவகுப்பு மைதானத்தில் சகாக்கள் முன்னிலையில் சீருடையைக் களைந்து மணிக்கணக்கில் விலங்கு அடித்தார்கள். அங்கே ஓர் அடிகூட விழவில்லை. மறுநாள் மாலை மீரட் பற்றி எரிந்தது. வேலூரையும் மீரட்டையும் சேர்த்துப் படிக்கும்போது, ஆபத்து சாட்டையில் மட்டும் இல்லை, ஊரைக் கூட்டி ஒருவனை அவமானப்படுத்துவதிலும் இருக்கிறது என்று தோன்றுகிறது. இது என் கருத்து, சான்றாவணம் அல்ல. பின்னர் வந்த 1911ஆம் ஆண்டின் இந்தியப் படைச் சட்டமும் கசையடியைத் தண்டனைப் பட்டியலில் வைத்துக்கொண்டது. அந்தச் சட்டத்தோடுதான் உங்கள் கொள்ளுத்தாத்தா பாஸ்ராவில் இறங்கியிருப்பார். அவர் சிப்பாயாகப் போனாரா, சமையல், சுமை, கோவேறு கழுதை வேலைகளுக்குப் போன தொழிலாளர் பிரிவில் போனாரா என்பதையும் விசாரியுங்கள். அந்தப் பிரிவினர் மேல் சாட்டை இன்னும் தாராளமாக விழுந்தது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. 1920-க்குப் பின் இந்தியப் படை கசையடி இல்லாமலே இரண்டாம் உலகப்போரில் போரிட்டது. சுதந்திரத்துக்குப் பின் எல்லாப் போர்களையும் நடத்தியது. ஒழுங்கு குலைந்துவிடவில்லை. 1950ஆம் ஆண்டுப் படைச் சட்டத்தில் போர்முனைக்கெனக் களத் தண்டனை ஒன்று உண்டு. ஆனால் உயிருக்கோ உறுப்புக்கோ ஊறு விளைவிக்கும் வகையில் அது இருக்கக் கூடாது என்று அதே சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. தனக்குக் கீழ்ப்பட்டவனை அடிக்கும் அதிகாரியோ ஹவில்தாரோ தானே குற்றவாளி ஆகிறான் என்கிறது இன்னொரு பிரிவு. இன்று ஒரு ஜவானை நடுங்க வைப்பது எது என்று என்னைக் கேட்டால், சிவப்பு மை என்பேன். தண்டனை ஏடு என்ற காகிதத்தில் சிவப்பு மையில் விழும் ஒரு பதிவு பதவி உயர்வைத் தள்ளிப்போடும். நான்கு பதிவு சேர்ந்தால் பென்ஷனுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பும் நடவடிக்கை தொடங்கலாம். இருபத்தெட்டு நாள் காவலைச் சிரித்துக்கொண்டே கழித்த ஒருவர், அந்தப் பதிவை எப்படியாவது கறுப்பு மைக்கு மாற்ற முடியுமா என்று என் மேசை முன் நின்று கண்கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும்: சட்டம் தடுத்ததால் பயிற்சி மையங்களில் கை ஓங்குவதே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். முதுகில் மூட்டை கட்டி மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதற்கும் அடிப்பதற்கும் நடுவில் உள்ள கோடு, சில கைகளில் மெலிந்துவிடுவது உண்டு.

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கதைக்கு ஆதாரம் தேட விரும்பினால், வீட்டுப் பழைய பெட்டியில் அவருடைய பதக்கத்தைவிட விடுவிப்புச் சான்றிதழைத் தேடுங்கள். பதக்கத்தின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணும் படைப்பிரிவும், அவர் சிப்பாயா தொழிலாளர் பிரிவா என்பதைச் சொல்லிவிடும். சான்றிதழில் நடத்தை என்று ஒரு வரி இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது, எந்தக் காரணத்துக்காக விடுவித்தார்கள், பென்ஷன் உண்டா என்று பாருங்கள். அடி வாங்கினாரா என்பதை அந்தக் காகிதம் சொல்லாமல் போகலாம். அடி வாங்கியிருந்தால் அதற்குப் பிறகும் பட்டாளம் அவரை வைத்துக்கொண்டதா என்பதை அது சொல்லும்.